போர்டுக்கு அடியில் ஒரு கால்

2041 பிப்ரவரி 4, திங்கள்

பஸ் டிப்போவுல டிரைவருங்க வண்டியை விட்டுட்டுப் போறப்ப டிஃபெக்ட் புக்குல எழுதிட்டுப் போவாங்க. பிரேக் இழுக்குது, பின் கதவு மூடல, இப்படி. முப்பத்தோரு வருஷமா அதைப் படிச்சுத்தான் நான் மெக்கானிக் வேலை பாக்கறேன். இன்னிக்கு என் வீட்டுக்கே ஒரு டிஃபெக்ட் புக் வந்துடுச்சு. மறுவாழ்வு மையத்துலேர்ந்து வந்த மெஹர்ங்கற பொண்ணு ஒரு டேப்லட்டைக் கையில குடுத்து, "அங்கிள், ஆன்ட்டி கை என்ன பண்ணுச்சுன்னு தினமும் இதுல பதிஞ்சுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. டேப்லட்டு அவளுக்கு. இந்த நோட்டு எனக்கு.

என் சம்சாரம் தமயந்திக்குப் போன ஐப்பசியில பக்கவாதம். வலது பக்கம் முழுக்க இழுத்துடுச்சு. பேச்சுல 'இல்ல', 'போதும்', 'அது' இந்த மூணுதான் மிச்சம். கால் கொஞ்சம் தேறி, கம்பு வச்சு நடக்கறா. கை தேறல.

அதுக்குத்தான் இந்தத் துணைக்கை. தோள்லேர்ந்து விரல் நுனி வரைக்கும் கறுப்பு உறை, உள்ளே பொடிப்பொடியா மோட்டார். தலைக்கு ஒரு தொப்பி. கையைத் தூக்கணும்னு இவ மனசுல நினைச்சா, தொப்பி அதை மூளையிலேர்ந்து பிடிச்சுக்கும், உறை கையைத் தூக்கும். "நினைப்பு ஆன்ட்டியோடது, பலம் மட்டும் மெஷினோடது"ன்னு மெஹர் சொன்னா. எந்த நினைப்புக்குக் கை தூக்கணும்னு மெஷின் போகப்போகத் தானாக் கத்துக்குமாம்.

மையத்துல இருக்கறதே பன்னெண்டு. எட்டு வாரம் குடுப்பாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி பரீட்சை. இருபது தடவை பச்சை லைட் எரியும், அதுல பத்து தடவையாவது கை இவ நினைப்புல கிளம்பணும். கிளம்பினா இவளுக்கே சொந்தம். இல்லன்னா பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்தது கொருக்குப்பேட்டை வெல்டர் ஒருத்தன், முப்பது வயசு இருந்தா அதிகம். மையத்து ஹால்ல பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால பிரிச்சுக்கிட்டிருந்தான். நான் அந்தப் பக்கம் பாக்கல.

மெஷினுக்கு சீல் வச்சிருக்காங்க, திறக்கக் கூடாதாம். உள்ளே என்ன ஓடுதுன்னு பாக்காம ஒரு மெஷினை வீட்ல வச்சுக்கறது எனக்குப் பிடிக்கல.

பிப்ரவரி 5, செவ்வாய்

காலையில இருபது, சாயங்காலம் இருபது. பூஜ்யம்.

பிப்ரவரி 8, வெள்ளி

இன்னிக்கும் பூஜ்யம். டம்ளரைத் தூக்கணுமாம். தமயந்தி டம்ளரைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. தண்ணி வேணும்போலன்னு நானே எடுத்துக் குடுத்துட்டேன்.

மெஹர் வீடியோவுல பாத்துக்கிட்டிருந்தா. "அங்கிள், ஆன்ட்டிக்குத் தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி வந்துடுது. அப்புறம் அவங்க எதை நினைப்பாங்க? மெஷின் எதைப் பிடிக்கும்?"

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம்மா. மூஞ்சைப் பாத்தாலே தெரியும்"னேன்.

"அதுதான் அங்கிள் பேஜாரு"ன்னா. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. எனக்குச் சொல்லித் தர்றா.

பிப்ரவரி 12, செவ்வாய்

பரண்லேர்ந்து கேரம் போர்டை இறக்கினேன். யோசனை என்னுது. டம்ளரு, ஸ்பூனுன்னா இவளுக்கு என்ன ஆசை வரும்? வியாசர்பாடியில எங்களைத் தெரியாத ஆளு உண்டா? டிப்போ குடும்ப விழாவுல கலப்பு இரட்டையர் கப்பு ஆறு வருஷம் எங்க வீட்லதான் இருந்தது. பிள்ளை குட்டி இல்ல. போர்டு இருந்தது.

மெஹர்கிட்ட கேட்டேன். ஸ்ட்ரைக்கரைச் சுண்டறதும் விரல் வேலைதானே, தாராளமா ஆடுங்கன்னுட்டா.

துடைச்சு, பவுடர் போட்டு, சின்ன மேசை மேல வச்சேன். தமயந்தி இடது கையால போர்டைத் தடவிப் பாத்தா. விரல்ல பவுடர் ஒட்டுச்சு. அந்த விரலை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு என்னமோ ஆயிடுச்சு, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்லி உள்ளே போயிட்டேன். பால் வைக்கல.

பிப்ரவரி 14, வியாழன்

கை கிளம்பிடுச்சு.

சாயங்காலம் நாலரை மணி. இவ அந்தப் பக்கம், நான் எதிர்ப்பக்கம், ஜோடியா ஆடறப்ப உக்காருவோமே அப்படி. பச்சை லைட் எரிஞ்சது. கொர்னு ஒரு சத்தம். உறை அசைஞ்சு, விரல் வளைஞ்சு, ஸ்ட்ரைக்கர் போய் காயில மோதிச்சு. எதுவும் விழல. விழுந்தா என்ன, விழாட்டி என்ன. இருபதுல ஆறு.

தமயந்தி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. பழைய பார்வை.

பிப்ரவரி 21, வியாழன்

இருபதுல பதினேழு. மெஷின் வாங்கிட்டுப் போன பன்னெண்டு பேர்ல இவதான் முதலாம். டாக்டருங்க எல்லாம் கூடிப் பேசறாங்களாம். "என்ன மாயம் பண்ணீங்க?"ன்னு மெஹர் கேட்டா. எல்லாம் பழைய பழக்கம்னேன்.

பொய் இல்ல. பழைய பழக்கம்தான்.

இங்க எழுதி வச்சுடறேன். போட்டியில ஜோடிங்க பேசிக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது. எங்களுக்கு ஒரு வழி இருந்தது. போர்டுக்கு அடியில என் கால் அவ கால் மேல இருக்கும். எந்தப் பக்கம் அமுக்கறேனோ அந்தப் பக்கத்துக் காயை அடிக்கணும். ஒரு நடுவருக்கும் தெரியாது. இவ வலது காலுக்கு இப்ப உணர்ச்சி கம்மி, அதனால இடது கால் மட்டும். லைட் எரிஞ்சதும் லேசா ஒரு அமுக்கு. அது தப்பா? சின்ன மேசை, கால் படத்தான் செய்யும்.

நினைக்கறது அவதானே. நான் அவ நினைப்பையா அமுக்கறேன்?

மார்ச் 3, ஞாயிறு

நாளைக்கு மையத்துல ஒரு சோதனை, பரீட்சைக்கு முன்னாடி. மஞ்சப் புடவையை எடுத்து வச்சேன். "இல்ல"ன்னா. பச்சை? "இல்ல." சரி, மஞ்சளே இருக்கட்டும், உனக்கு நல்லா இருக்கும்னு சொல்லி எடுத்து வச்சுட்டேன். சாயங்காலம் பத்தொன்பது. இனி எங்களை யாரும் அசைக்க முடியாது.

மார்ச் 4, திங்கள்

பூஜ்யம்.

என்னை உள்ளே விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சுட்டாங்க. லைட் எரியுது, அணையுது. எரியுது, அணையுது. இருபது தடவை. மடியில வச்ச கை மடியிலயே இருந்தது. எதிர்ல காலி நாற்காலி. தமயந்தி அதையே பாத்துக்கிட்டு இருந்தா.

மேசை உயரம் சரியில்ல, போர்டு வழவழன்னு இல்லன்னு மெஹர்கிட்ட சண்டை போட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கு. அதையும் டேப்லட்டுல குறிச்சுக்கிட்டா.

மார்ச் 5, செவ்வாய்

போர்டை எடுக்கல. ரெண்டு பேரும் டிவி பாத்தோம். என்ன ஓடுச்சுன்னு தெரியல.

மார்ச் 6, புதன்

மெஹர் வீட்டுக்கே வந்துட்டா. டேப்லட்டுல ஒரு தலைப் படம். மேலேர்ந்து பாத்தா தெரியுமே, அப்படி.

"அங்கிள், இது ஆன்ட்டி மூளை. வலது கையை அசைக்கணும்னு நினைச்சா இதோ இந்த இடம் முழிக்கணும்"னு இடது காதுக்குக் கொஞ்சம் மேலே காட்டினா. "இங்க வெளிச்சமே இல்ல. ஆனா வீட்ல ஆடறப்ப ஒவ்வொரு தடவையும் உச்சந்தலையில, நட்ட நடுவுல, பளிச்சுன்னு எரியுது. அது காலுக்கான இடம்." என்னை நிமிர்ந்து பாத்தா. "வீட்ல ஆன்ட்டி காலுக்கு என்ன ஆகுது?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

அப்ப ஒரு சத்தம். தமயந்தி சிரிக்கறா. ஐப்பசிக்கு அப்புறம் சிரிச்சதே இல்ல. வாய் ஒரு பக்கமாத்தான் போச்சு, ஆனா வயிறு குலுங்கச் சிரிச்சா. கம்பால என் காலைக் காட்டி, "அது, அது, அது"ன்னா.

புருஷனையே காட்டிக் குடுத்துட்டா.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெஹர் கோவப்படுவான்னு நினைச்சேன். அவ டேப்லட்டைக் கீழே வச்சுட்டு, "மெஷின் ரொம்ப ஒழுங்காத்தான் கத்துக்கிட்டிருக்கு அங்கிள். ஆனா ஆன்ட்டியை இல்ல. உங்க காலை"ன்னு மெதுவாச் சொன்னா.

"பிடுங்கிட்டுப் போயிடுவீங்களா?"

"ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் உங்களுதுதான். முழுசா நாலு வாரம் இல்ல, மூணு வாரமும் சில நாளும். கத்துக்கிட்டதை எல்லாம் இன்னிக்கே அழிச்சுடறேன். முதல்லேர்ந்து ஆரம்பிங்க. எதிர்ல நீங்களே உக்காருங்க, அது நல்லதுதான். ஆனா ரெண்டு காலும் நாற்காலி மேல."

மார்ச் 7, வியாழன்

பிளாஸ்டிக் நாற்காலியில சம்மணம் போட்டு உக்காந்தேன். அம்பத்தேழு வயசு முட்டி. தமயந்தி என்னைப் பாத்து இன்னொரு தடவை சிரிச்சா. கை அசையல. பூஜ்யம்.

மார்ச் 12, செவ்வாய்

ஆறு நாளா பூஜ்யம். லைட் எரிஞ்சதும் என் கால் கட்டைவிரல் தானா மடங்குது. பெருமாளே, இந்தக் காலை வெட்டிப் போட்டாத் தேவலை.

எதுக்கு அமுக்கினேன்? மெஷின் கைவிட்டுப் போயிடுமேன்னு பயம். அது பாதிதான். மிச்சத்தையும் எழுதிடறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போறா. அஞ்சு மாசமா இவளுக்குத் தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டு, புடவை கட்டிவிட்டு, அப்படியே பழகிடுச்சு. இவளுக்கு நான் இல்லன்னா ஒண்ணும் ஆகாதுங்கறது எனக்குப் பிடிச்சிருந்தது. இவ தானாச் செஞ்சுக்க ஆரம்பிச்சுட்டா நான் எதுக்கு? அந்த நினைப்பும் இருந்தது. வெக்கமா இருக்கு. எழுதினதை அடிக்கலாம்னு பாத்தேன். டிஃபெக்ட் புக்குல அடிக்கக் கூடாது.

மார்ச் 16, சனி

போர்டைத் துடைக்கறப்ப 2019 இறுதி ஆட்டம் ஞாபகம் வந்துச்சு. அந்த வருஷம்தான் கப்பு கைவிட்டுப் போச்சு. இவ சறுக்கிட்டான்னு இருபத்திரண்டு வருஷமா ஊர் பூராச் சொல்லியிருக்கேன். நடந்தது அது இல்ல. இவளுக்கு இடது மூலையில ஒரு வெள்ளைக் காய், குழி வாயில உக்காந்திருந்தது. வலப்பக்கம் ரெட்டு, சன்னமா கட் பண்ணணும். இவ ஸ்ட்ரைக்கரை ரெட்டு பக்கமா நகர்த்தினா. நான் இவ இடது காலை அமுக்கினேன். ஒரு நொடி நின்னா. அப்புறம் நான் சொன்ன வெள்ளையைப் போட்டா. அதுக்கு மேல இவளுக்கு எதுவும் விழல. அடுத்த கையில எதிராளி ரெட்டை அடிச்சு, கையோட ஃபாலோவா இன்னொரு காயையும் போட்டு, கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

பஸ்ல வீட்டுக்கு வந்தோம். இறங்கறப்ப, "பரவால்ல வுடு மெக்கானிக்கு"ன்னா. அப்ப அப்படித்தான் கூப்பிடுவா என்னை.

மார்ச் 20, புதன்

கை கிளம்பிடுச்சு. ஆட்டத்துல இல்ல.

மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிட்டு வாயைத் துடைச்சுவிட்டேன். கொஞ்சம் அழுத்தித் துடைச்சேன் போல, அவசரம். தலையில தொப்பி இருந்தது. கொர்னு சத்தம். கறுப்புக் கை மடியிலேர்ந்து எழும்பி, மெதுவா வந்து, என் மணிக்கட்டைத் தள்ளிவிட்டுடுச்சு.

"போதும்"னா தமயந்தி.

துண்டை மேசை மேல வச்சுட்டு நான் வெளியே போயிட்டேன். டீக்கடையில ரெண்டு டீ குடிச்சேன். கோவம். இத்தனை நாள் பாத்த பாட்டுக்கு இவ கை முதல் முதல்ல பண்ணின வேலை என்னைத் தள்ளிவிட்டதா? மூணாவது டீ சொல்றப்பதான் உறைச்சது. இவ கை முதல் முதல்ல ஒரு வேலை பண்ணியிருக்கு.

மாஸ்டர்கிட்ட டீ வேணாம்னு சொல்லிட்டு ஓடிவந்தேன். அதுக்குள்ள இவ அந்தத் துண்டை எடுத்து வாயைத் துடைச்சு முடிச்சிருந்தா. துண்டு பாதி தரையில. மூக்குல ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நான் அதை எடுக்கல. எடுக்காம இருக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மெஹருக்குப் போன் பண்ணினேன். படத்தைப் பாத்துட்டு, "சரியான இடம் அங்கிள், காதுக்கு மேலே, சூப்பரா எரியுது"ன்னா.

மார்ச் 21, வியாழன்

மூணு.

மார்ச் 26, செவ்வாய்

ஆறு. நேத்து ஏழு இருந்தது. இன்னிக்கு அலமாரியைத் திறந்து வச்சுட்டுத் தள்ளி நின்னேன். காமணி நேரம் பாத்தா. கறுப்புக் கை போய் ஒரு புடவையை இழுத்துச்சு, கூட நாலு சேர்ந்து தரையில விழுந்துச்சு. கத்திரிப்பூ கலரு. அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு.

மார்ச் 31, ஞாயிறு

எட்டு. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. நாளைக்குப் பத்து வேணும். அந்த வெல்டர் பையன் நாளைக்குக் காலையில வந்து ஹால்ல உக்காந்திருப்பான். ஜெயிச்சா நேர்மையா ஜெயிக்கணும். தோத்தா அவன் கையில கொண்டுபோய் நானே குடுக்கணும்.

ஏப்ரல் 1, திங்கள்

கத்திரிப்பூ கலரு புடவை.

வெல்டர் வந்திருந்தான். இந்தத் தடவை நின்னு, "பேர் இன்னாப்பா?"ன்னு கேட்டேன். தினகர்னு சொன்னான். அவன் பாக்கெட்டைப் பிரிச்சுக் குடுக்கக் கை நீட்டினேன், அப்புறம் நிறுத்தி, "பிரிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "இல்லண்ணே, நானே பிரிச்சுக்குவேன்"னான்.

உள்ளே மெஹர், ஒரு டாக்டரம்மா, நாங்க ரெண்டு பேரு. சம்மணம் போட்டு, ரெண்டு பாதத்தையும் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் லைட், ஒண்ணும் இல்ல. ரெண்டாவது, கிளம்பிச்சு. இப்படியே போச்சு. வந்தா வரும், வரலன்னா இல்ல. பத்தொன்பது லைட் முடிஞ்சப்ப ஒன்பது. டாக்டரம்மா பேனாவை மூடாம வச்சிருந்தாங்க. என் சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

போர்டுல அப்ப மூணு காய்தான். இடது மூலையில வெள்ளை ஒண்ணு, குழி வாயிலயே. ஊதினா விழும். நடுவுல ஒரு கறுப்பு. வலப்பக்கம் ரெட்டு, சன்னமா கட் பண்ணணும்.

லைட் எரிஞ்சது. வெள்ளை, வெள்ளைன்னு என் கால் கட்டைவிரல் துடிச்சது. நசுக்கிப் பிடிச்சேன். தமயந்தி என்னைப் பாத்தா. அவ வழக்கமாக் காத்திருப்பாளே, அப்படித்தான் காத்திருந்தா. எதுவும் வரல. என் காலைப் பிடிச்சிருக்கற என் கையைப் பாத்தா. அப்புறம் போர்டைப் பாத்தா.

கொர்.

ஸ்ட்ரைக்கர் லைன் மேலயே வலப்பக்கம் நகர்ந்துச்சு. கறுப்பு விரல் மடங்கி, நிதானமாச் சுண்டிச்சு. ரெட்டு ஓரமா உரசிக்கிட்டுப் போய் வலது குழியில விழுந்துச்சு.

"பத்து"ன்னாங்க டாக்டரம்மா. பேனாவை மூடினாங்க. மெஹர் தொப்பியைக் கழட்ட எழுந்தா. நான் காலைக் கீழே விட்டேன், மரத்துப் போயிருந்தது.

"இல்ல"ன்னா தமயந்தி.

எல்லாரும் நின்னுட்டோம். ரெட்டு விழுந்தா உடனே ஃபாலோ போடணும், இன்னொரு காய் அடிச்சாத்தான் ரெட்டு சொந்தம். கேரம் ஆடற யாருக்கும் இது தெரியும். பரீட்சை முடிஞ்சுபோச்சுங்கறது அவங்க சட்டம். தமயந்தி இடது கையால ஸ்ட்ரைக்கரை எடுத்து லைன்ல வச்சா. கறுப்புக் கை கிளம்பிச்சு. இடது மூலை வெள்ளை, ஒரே தட்டு, உள்ளே.

"லைட்டே எரியலையே மேடம்"னா மெஹர். டேப்லட்டைத் தூக்கி டாக்டரம்மாகிட்ட காட்டினா. "யாருமே சொல்லாம, அவங்களா..."

நான் அந்த வெள்ளையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 2019லயும் இவ இதைத்தான் நினைச்சிருக்கா. முதல்ல ரெட்டு, அப்புறம் ஃபாலோவுக்கு அந்த வெள்ளை. ரெண்டையும் சேர்த்துப் பாத்திருக்கா. நான் ஒண்ணைத்தான் பாத்தேன். காலை வச்சு அமுக்கிட்டேன்.

"மன்னிச்சுக்கோ தமா"ன்னேன். எல்லார் முன்னாடியும்தான். டாக்டரம்மாவுக்கு எதுக்குன்னு புரிஞ்சிருக்காது.

வெளியே வர்றப்ப தினகர்கிட்ட சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், அப்புறம் நிமிர்ந்து, "ஆன்ட்டிக்கு வாழ்த்து சொல்லுங்கண்ணே"ன்னான். மே மாசம் இன்னும் நாலு மெஷின் வருதாம், அதுல முதல் பேரு அவனுதுன்னு மெஹர் சொல்றா. ஞாயித்துக்கிழமை ஆட வாப்பான்னு அட்ரஸ் குடுத்திருக்கேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தினகர் அடுத்த வாரம் வர்றதா போன் பண்ணினான். சாயங்காலம் நாங்க ரெண்டு பேருமே ஆடினோம். எதிரும் புதிருமா. ஜோடியா இல்ல, ஒண்டிக்கு ஒண்டி. சம்மணம் இனி வேணாம், முட்டி தாங்காது. ரெண்டு காலையும் நாற்காலிக்கு அடியில மடக்கி வச்சுக்கிட்டேன். முதல் ஆட்டத்துல நான் தோத்தேன். விட்டுக் குடுக்கல, நிஜமாத்தான் தோத்தேன்.

ரெண்டாவது ஆட்டத்துல என் கை. ரெட்டு அடிக்கறதா, பக்கத்துல கறுப்பை எடுக்கறதான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். கால் மரத்துப் போச்சேன்னு முன்னால நீட்டினேன். அப்ப என் பாதத்து மேல ஏதோ பட்டுச்சு. தமயந்தியோட இடது கால். இருபத்தெட்டு வருஷத்துல என் கால்தான் அவ கால் மேல இருந்திருக்கு. இது முதல் தடவை.

அமுக்கல. சும்மா வச்சிருந்தா.

நிமிர்ந்து பாத்தேன். அவ ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு, பவுடர் டப்பாவைக் கறுப்புக் கையால மூடிக்கிட்டு இருந்தா. எந்தக் காயை அடிக்கச் சொல்றா, இல்ல ஒண்ணும் பண்ணாம இருக்கச் சொல்றாளா, எனக்குத் தெரியல. கேக்கல. கால் மரத்தது போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன், அதுக்கு அப்புறமும்.